மூன்று விரற்கடை

குரு, சீடர் என்றதும் தாடியையும் ஆலமரத்தையும் தேட வேண்டாம். இந்தக் கதையின் குருவுக்கு வயது முப்பத்தெட்டு, பெயர் பிலோமினா. மதுரை ஆரப்பாளையத்தில், தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டிக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறார். கடைக்கு மேலே மாடியில், பில்லியர்ட்ஸ் போலக் குச்சியால் பந்தை அடித்து ஆடுகிற பூல் மேஜை ஒன்று இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் மாநிலப் போட்டிகளில் ஆடியவர். இப்போது சொல்லிக் கொடுப்பதோடு சரி. அதையும் வாயைத் திறந்து சொல்வது அபூர்வம்.

சீடருக்கு ஐம்பத்தைந்து. பெயர் கோதண்டபாணி. திண்டுக்கல்லில் ஒரு பாலிடெக்னிக்கில் இருபத்தெட்டு வருடமாக இன்ஜினியரிங் டிராயிங் நடத்துகிறவர். கரும்பலகையில் கைவீச்சில் வட்டம் போட்டால் காம்பஸ் வைத்துப் பார்த்தாலும் பிசகாது. தான் போட்ட கோட்டில் தப்பு இருக்கும் என்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை. வீட்டிலும் அப்படித்தான்.

அவர் முதல் நாள் மாடியேறி வந்தபோது பிலோமினா மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு சார் இந்த வயசுல பூல்?"

"ஒருத்தர் கையைக் குலுக்கணும்மா."

பிலோமினா நிமிர்ந்து பார்த்தார்.

"ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் கை குலுக்கியே ஆகணுமாமே. ரூல் அப்படித்தானே?"

"ஆமா."

"எதிர்ல நிக்கறது யாரா இருந்தாலும்?"

"யாரா இருந்தாலும்."

"அப்போ எனக்குச் சொல்லிக் குடுங்க. எதிர்ல எம் பொண்ணு நிக்கணும்."

மீதியை அவரே சொன்னார். மகள் கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டுப் பூல் ஆடப் போவது அவருக்கு ஒரு நாள் தெரிந்துவிட்டது. அவள் போட்டியில் ஜெயித்துப் பரிசாக வாங்கிய குச்சி அலமாரிக்குப் பின்னால் இருந்தது. அதை எடுத்து முழங்காலில் வைத்து இரண்டாக முறித்தார். அவள் அழவில்லை. கத்தவும் இல்லை. மறுநாள் காலையில் வீட்டில் இல்லை. அது நடந்து ஒன்றே கால் வருடம் ஆகிறது. அவர் போன் செய்தால் எடுப்பதில்லை. அம்மாவிடம் மட்டும் பேசுகிறாள். எங்கே இருக்கிறாள் என்று மனைவியிடம் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. மனைவி மரகதமும் தானாகச் சொல்லவில்லை.

"வருஷா வருஷம் இங்க நடக்கிற போட்டியில அவ ஆடியிருக்கா. எங்க இருந்தாலும் அதுக்கு வருவா. என்கூடப் பேச வேணாம்மா. ஒரு தடவை கையைக் குடுத்தாப் போதும்."

இதைச் சொல்லும்போது அவருக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கே அது வெட்கமாக இருந்தது.

பிலோமினா துணியை மடித்து வைத்தார். மகளின் பெயர் என்ன என்று கேட்கவில்லை.

"இந்த இடத்தை யார் சார் சொன்னா?"

"வீட்ல. யாரோ சொல்லக் கேட்டாளாம்."

"சரி. வாரத்துல மூணு நாள் வாங்க. சாயங்காலம் மட்டும். காலையில வேற ஆள் வர்றாங்க."

அன்றிலிருந்து அவர் பிலோமினாவை மாஸ்டர் என்று கூப்பிட ஆரம்பித்தார். டீக்கடையில் நிற்கிற மாதிரி இருக்கிறது என்று பிலோமினா சொல்லிப் பார்த்தார். அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

*

முதல் வாரத்திலேயே கிக் ஷாட் வந்தது.

பூலில் வெள்ளைப் பந்தைக் குச்சியால் அடித்து, அதனால் நம்முடைய பந்தைத் தொட வேண்டும். நேர்ப்பாதையை எதிராளியின் பந்து மறித்துக்கொண்டு நின்றால் என்ன செய்வது? வெள்ளையை முதலில் மேஜையின் ரப்பர் விளிம்பில் மோத விட வேண்டும். அது திரும்பி வருகிற வழியில் நம் பந்தைத் தொடும். குஷன் என்று சொல்லப்படும் அந்த விளிம்பை நம்பித்தான் கிக் ஷாட்.

பிலோமினா மூன்று பந்துகளை வைத்தார். இந்தப் பக்கம் வெள்ளை, அந்தப் பக்கம் மஞ்சள், நடுவில் மறித்துக்கொண்டு கறுப்பு.

"தொடுங்க சார்."

கோதண்டபாணிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"மாஸ்டர், இது எங்க பாடம். குஷனை ஒரு கண்ணாடின்னு வச்சுக்கங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்னொரு மேஜை தெரியும். அதுல இன்னொரு மஞ்சள் பந்து தெரியும். அந்தப் பிம்பத்தைப் பார்த்து நேரா அடிச்சாப் போதும். போற கோணமும் வர்ற கோணமும் ஒண்ணு."

பையிலிருந்து கிராஃப் தாளை எடுத்தார். காம்பஸால் சின்ன வட்டம் போட்டு, கத்தரித்து, நூல் பிடித்து அளந்து, மேஜைக்குப் பின்னால் இருந்த சுவரில் குறிபார்க்க வேண்டிய இடத்தில் பசை தடவி ஒட்டினார். பின்பு குனிந்து அந்த வட்டத்தைப் பார்த்து அடித்தார்.

டமார் என்று சத்தம். வெள்ளைப் பந்து குஷனில் மோதித் திரும்பி, மஞ்சளுக்கு நாலு விரல் முன்னாலேயே கடந்து போனது.

மறுபடி அடித்தார். அதே நாலு விரல்.

கோதண்டபாணி ரசமட்டத்தை எடுத்து மேஜையில் வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் நின்றது. குஷனை டேப்பால் அளந்தார். நூல் பிசகாமல் நேராக இருந்தது. சுவர் வட்டத்தை மறுபடி அளந்தார். அதுவும் சரி.

அவருக்கு வியர்த்துவிட்டது. இருபத்தெட்டு வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த கோணம் அவர் கண்முன்னால் பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

"அதே கோடுதான் சார். பாதி வேகத்துல அடிங்க" என்றார் பிலோமினா.

அடித்தார். வெள்ளை மெல்லப் போய்க் குஷனைத் தொட்டுத் திரும்பி வந்து மஞ்சளில் முட்டி நின்றது.

"இது எப்படி? கோடு மாறலையே!"

பிலோமினா கீழே கடைக்குப் போய் ஒரு துண்டு ரப்பரை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார்.

"அழுத்துங்க."

அழுத்தினார். கட்டைவிரல் உள்ளே போனது.

"கண்ணாடிக்கு வலிக்காது சார். ரப்பருக்கு வலிக்கும். வேகமா மோதினா உள்ள அமுங்கிப் போய், பந்தைச் சுருக்கித் திருப்பி விட்டுரும்."

அதன் பிறகு கோதண்டபாணி என்ன செய்திருக்க வேண்டும்? மெதுவாக அடிக்கப் பழகியிருக்க வேண்டும். அவர் அதைச் செய்யவில்லை. எவ்வளவு வேகத்துக்கு எவ்வளவு சுருங்கும் என்று ஒரு சூத்திரம் கண்டுபிடித்தார். அந்த அளவுக்கு வட்டத்தை அப்பால் தள்ளி ஒட்டினார். பழைய டமாரிலேயே அடித்தார். பந்து மஞ்சளில் பட்டது.

"பாத்தீங்களா மாஸ்டர்!"

"மெதுவா அடிச்சா என்ன சார்?"

அவர் குச்சியைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"மெதுவா அடிச்சா போய்ச் சேராதோன்னு ஒரு பயம்" என்றார்.

*

பிலோமினாவின் மாடியில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கணக்குக்கு வைத்த பந்துகள் இரண்டு நாள் அப்படியே இருக்கும். பந்து நிற்க வேண்டிய இடங்களைச் சாக்பீஸால் குறித்து வைத்திருப்பார். சாயங்கால ஆள் போட்ட கணக்கை மறுநாள் காலை ஆளும் போட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்த முறை கோதண்டபாணி வந்தபோது சுவரில் அவருடைய கிராஃப் வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. மெரூன் நிறம், மிளகு அளவு. வட்டத்திலிருந்து மூன்று விரற்கடை அவர் பக்கமாகத் தள்ளி இருந்தது.

"இது யார் வேலை?"

"காலையில வர்றவங்க."

"என் கணக்கைத் திருத்தறாங்களா?"

அவர் கோபத்தோடு குனிந்து பொட்டைப் பார்த்து அடித்தார். டமார். பந்து முன்னைவிட மோசமாகச் சுருங்கித் திரும்பிக் கறுப்பில் மோதியது.

"தெரியுதா? அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியல."

"அவங்க எந்த வேகத்துல அடிச்சாங்களோ, அந்த வேகத்துல அடிச்சுப் பாருங்க."

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"பொட்டு இருக்குல்ல? கண்டுபிடிங்க."

அன்று முழுக்க அடித்தார். ஐம்பது தடவைக்கு மேல் இருக்கும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேகத்தைக் குறைத்தார். கடைசியில் கை சோர்ந்து போய், இனி முடியாது என்கிற நிலையில் ஒரு அடி விழுந்தது. வெள்ளைப் பந்து உருண்டு போய், குஷனில் பட்டதா இல்லையா என்று சந்தேகப்படும்படி பட்டு, மஞ்சளைத் தேடி வந்து தொட்டது.

கோதண்டபாணிக்கு உடம்பு சிலிர்த்தது. இப்படி ஒரு வேகத்தில் ஒரு மனுஷி அடிக்கிறாளா?

அதிலிருந்து அவருக்கு அந்தப் பொட்டுக்காரியின் மேல் ஒரு பிடிப்பு வந்துவிட்டது. பஸ்ஸில் வரும்போதே இன்று பொட்டு எங்கே இருக்கும் என்று யோசிப்பார். ஒரு முறை வேண்டுமென்றே இரண்டு வட்டம் ஒட்டி வைத்தார், எது சரி என்று கேட்கிற மாதிரி. மறுநாள் பொட்டு இரண்டுக்கும் தள்ளி இருந்தது, இரண்டுமே தப்பு என்கிற மாதிரி. கோதண்டபாணி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அவர் சிரித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"யாரு மாஸ்டர் அந்தப் பொண்ணு? நல்லா ஆடுவாளா?"

"உங்களைவிட."

"என்னைப் பத்திக் கேப்பாளா?"

"போன மாசம் காய்ச்சல்னு ரெண்டு வாரம் நீங்க வரல. அப்போ கேட்டா."

அவருக்கு அது சந்தோஷமாக இருந்தது. அந்த இரண்டு வாரமும் சுவரில் ஒரு பொட்டும் ஏறவில்லை என்பதையும் அவர் கவனித்திருந்தார்.

மாதங்கள் போயின. அவருடைய டமார் டம் ஆனது. பிறகு டொக் ஆனது. ஆனாலும் பொட்டு ஒவ்வொரு முறையும் வட்டத்தைத் தாண்டித் தள்ளித்தான் இருந்தது. மூன்று விரற்கடை இரண்டானது. இரண்டு ஒன்றானது. எல்லாமே அவர் பக்கமாக.

*

போட்டிக்குப் பதினாறு பேர். குலுக்கல் எல்லாம் கிடையாது. பெயர் எழுதிய வரிசையிலேயே முதலாமவர் இரண்டாமவரோடும், மூன்றாமவர் நான்காமவரோடும் மோத வேண்டும். பட்டியல் பிலோமினாவிடம் இருந்தது. முந்தின வாரம் திங்கட்கிழமை கோதண்டபாணி அதில் பதினைந்தாவதாகத் தன் பெயரை எழுதினார். எழுதுவதற்கு முன் மேலே இருந்த பதினான்கு பெயர்களையும் இரண்டு முறை படித்தார்.

மகள் வைதேகியின் பெயர் இல்லை.

"வரமாட்டாளோ மாஸ்டர்?"

"இன்னும் ஓர் இடம் இருக்கே சார்."

"அந்த ஓர் இடம் வேற யாருக்காவது போயிட்டா?"

பிலோமினா பட்டியலை மடித்து மேஜை இழுப்பறையில் வைத்தார்.

அதன் பிறகு கோதண்டபாணிக்குப் பட்டியலைப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை. பார்த்தால் அங்கே யாரோ ஒரு முருகானந்தத்தின் பெயர் இருந்துவிடும் என்று பயந்தார். இந்த வருடம் தப்பினால் அடுத்த வருடம். அதுவரை அந்தக் குச்சி முறிந்த சத்தம்தான் மகளிடம் அவர் கடைசியாகச் சொன்ன சொல்லாக இருக்கும்.

போட்டி ஞாயிற்றுக்கிழமை. வியாழக்கிழமை சாயங்காலம் பிலோமினா வழக்கம்போல ஒரு கணக்கு வைத்தார். கோதண்டபாணி நூல் பிடித்தார், அளந்தார். வட்டத்தை ஒட்டப் போன கையை நிறுத்திக் கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சூத்திரத்தை விட்டுவிட்டு, பொட்டுக்காரியின் வேகத்தை மனதில் நினைத்துக்கொண்டு, வட்டத்தைத் தன் பக்கமாக நகர்த்தி ஒட்டினார். ஒரே ஒரு அடி. பந்து மெதுவாகப் போய் மெதுவாக வந்து தொட்டது. அவர் குச்சியை வைத்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டார்.

*

வெள்ளிக்கிழமை விடிகாலையில் நல்ல மழை. திண்டுக்கல் மாவட்டத்தில் பள்ளி, கல்லூரிகளுக்கு விடுமுறை என்று டிவியில் சொன்னார்கள். கோதண்டபாணிக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"காலையிலயா போறீங்க?" என்றாள் மரகதம். அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

ஆரப்பாளையத்தில் அவர் இறங்கும்போது எட்டு மணி. டயர்க் கடை பாதி திறந்திருந்தது. குடையைக் கீழே வைத்துவிட்டு மாடிப்படி ஏறினார். பொட்டுக்காரியை இன்று பார்த்துவிடலாம், ஒரு வணக்கம் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே ஏறினார்.

கடைசிப் படிக்கு இரண்டு படி கீழே அவருக்குக் கால் நின்றுவிட்டது.

மேஜையில் குனிந்திருந்தது வைதேகி.

இளைத்திருந்தாள். முடியைத் தூக்கிக் கட்டியிருந்தாள். குச்சியைப் பிடித்திருந்த இடது கையில், சின்ன வயதில் கேஸ் அடுப்பில் சுட்டுக்கொண்ட தழும்பு. அவள் அடித்தாள். அந்த அடியில் சத்தமே இல்லை. அந்த வேகத்தை அவருக்கு நன்றாகத் தெரியும். ஏழு மாதமாக அவர் தேடிக்கொண்டிருந்த வேகம் அது.

வெள்ளைப் பந்து போய்த் திரும்பி வந்து தொட்டது.

வைதேகி சுவருக்குப் போனாள். முந்தின நாள் அவர் ஒட்டிய வட்டத்துக்கு முன்னால் நின்றாள். அவள் கை நெற்றிக்குப் போய்ப் பொட்டைத் தொட்டது. தொட்டபடியே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பொட்டை எடுக்காமல் கையைக் கீழே விட்டாள்.

கூப்பிட வேண்டும் என்று கோதண்டபாணி வாயைத் திறந்தார். தன்னைப் பார்த்தால் இங்கிருந்தும் போய்விடுவாள் என்ற பயத்தில் மூடிக்கொண்டார். மூலையில் நாற்காலியில் இருந்த பிலோமினா அவரைப் பார்த்தார். கண்ணைக்கூட அசைக்கவில்லை.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, திரும்பாமல், பின்பக்கமாகவே ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கினார்.

*

பிலோமினா கீழே வந்தபோது அவர் ஒரு லாரி டயரின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"ஏழு மாசம்" என்றார். "ஏழு மாசம் எம் பொண்ணை மேல வச்சுக்கிட்டு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல நீங்க."

"சொல்லல சார்."

"மொத நாள் நான் அழுதப்பவே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"அவ பேரைக்கூட நீங்க கேக்கல. நான் ஒரு முட்டாள், அது ஏன்னு யோசிக்கல." மூச்சு வாங்கியது. "அந்த வட்டமெல்லாம் யார் ஒட்டறதுன்னு அவளுக்குத் தெரியுமா?"

"மொத நாளே தெரியும்."

"நீங்க சொன்னீங்களா?"

"நான் சொல்லல. காகிதத்துக்கு நடுவுல காம்பஸ் ஓட்டை இருந்துச்சு. 'அக்கா, இது எங்கப்பா வெட்டினது'ன்னா."

மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. கோதண்டபாணி இரண்டு கையாலும் டயரைப் பிடித்துக்கொண்டார்.

"ஓடிப் போயிடலையா?"

"குச்சியைக் கீழே வச்சா. பையை எடுத்து மாட்டினா. வாசல் வரைக்கும் போனா. அப்புறம் திரும்பி வந்து, உங்க வட்டத்தைப் பார்த்து அவ வேகத்துல ஒரு அடி அடிச்சா. பந்து மஞ்சளைத் தாண்டிப் போச்சு. 'டமார்னு அடிச்சாத்தான்க்கா இந்த இடம் சரியா வரும். அப்பா இன்னும் அப்படியேதான் இருக்கார்'னா. அப்பத்தான் சார் மொதப் பொட்டை ஒட்டினா."

கோதண்டபாணி சுவரில் தான் ஒட்டியது எல்லாம் கோணக் கணக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வட்டத்திலும் தன் கை எவ்வளவு ஓங்கியிருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். மகள் அதைக் காலையில் வந்து படித்திருக்கிறாள், ஏழு மாதமாக, ஒன்று விடாமல்.

அப்போதுதான் அவருக்கு இன்னொன்றும் உறைத்தது. பூல் மேஜை என்றால் என்னவென்றே தெரியாத மரகதம், ஆரப்பாளையத்து டயர்க் கடை மாடியை எப்படிச் சொன்னாள்?

"எங்க வீட்லயும் தெரியுமா?"

பிலோமினா ஒரு டியூபை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

கோதண்டபாணி தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இன்னிக்கு அவ பொட்டை எடுக்கலையே மாஸ்டர். நெத்திக்குப் போன கை திரும்பிடுச்சே."

"இன்னிக்கு நகர்த்த ஒண்ணும் இல்ல சார்."

அவ்வளவுதான். கோதண்டபாணி விருட்டென்று எழுந்தார். டயர் பின்னால் சரிந்தது. காலடியில் கிடந்த குடையை உதைத்துக்கொண்டு இரண்டே எட்டில் மாடிப்படிக்குப் போய்விட்டார். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. முதல் படியில் கால் வைத்தவர், கைப்பிடியைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தார்.

"இத்தனை நாள் எங்கிட்ட மறைச்சீங்களே, ஏன்?"

"அவதான் சொல்ல வேணாம்னா."

"அதான் ஏன்?"

பிலோமினா டியூபை மடித்து முடித்து அலமாரியில் வைத்தார்.

"'சொன்னா அப்பா வேகமா வந்துடுவார்க்கா'ன்னா."

கோதண்டபாணி அசையவில்லை. கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்த தன் கையையே பார்த்தார். அந்தக் கையை அவர் அதுவரை அப்படிப் பார்த்ததில்லை. மேலே வெள்ளைப் பந்து எதையோ மெல்லத் தொட்டது. அதற்குப் பிறகு மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"மாஸ்டர்" என்றார் கடைசியில். சின்னப் பிள்ளை கேட்கிற குரல். "மெதுவாப் போனா, போய்ச் சேருமா?"

"போன வெள்ளிக்கிழமை அவகிட்ட பட்டியலைக் காட்டினேன் சார். உங்க பேர் பதினஞ்சுல இருந்துச்சு. அதை ரெண்டு தடவை படிச்சா. படிச்சுட்டுத்தான் பதினாறுல அவ பேரை எழுதினா."

கோதண்டபாணி படியிலிருந்து காலை எடுத்துக் கீழே வைத்தார்.